வாசலோடு திரும்பிப் போகும் பெற்றோருக்கு

அன்புள்ள அம்மாக்களே, அப்பாக்களே,

வாரந்தோறும் மகளைச் சாரணியர் குழுவில் விட்டுவிட்டு, முடியும் நேரத்துக்கு வந்து கூட்டிப்போகும் உங்களுக்குத்தான் இந்த மடல். இரண்டு வருடம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒருநாள் சீக்கிரம் வந்துவிட்டேன். முட்டியில் அடிபட்ட ஒரு பிள்ளைக்கு மருந்து போட்டுக்கொண்டே, மற்றவர்களின் ஒப்புதல் படிவங்களையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார் நம் குழுத் தலைவி. கூட யாருமில்லை. அவரும் வேலைக்குப் போகிறவர், சம்பளமே இல்லாமல் இங்கே வருகிறவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சிறுவர் சாரணர்கள் கூடியபோது, சிறுமிகள் சிலர் தாங்களாகவே வந்து நின்று தங்களுக்கும் இடம் கேட்டார்கள். மறு ஆண்டே, சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பொறுப்பேற்க, பெண்பிள்ளைகளுக்கென்று தனி இயக்கம் பிறந்தது. இன்று 150க்கும் மேற்பட்ட நாடுகளில் அது இருக்கிறது. கேட்டவர்கள் பிள்ளைகள்தான். ஆனால் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லப் பெரியவர் ஒருவர் தேவைப்பட்டார். இன்றும் பல ஊர்களில் சிறுமிகள் சேர முடியாமல் காத்திருப்பது, நடத்த ஆளில்லாததால்தான்.

உதவி என்றதும் வாரம் முழுக்க ஓட வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். வரவு செலவு எழுதத் தெரிந்தவர் மாதத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். செவிலியராக இருப்பவர் ஒருநாள் வந்து முதலுதவி சொல்லித் தரலாம். தச்சுவேலை, மின்சார வேலை தெரிந்த அப்பாக்கள் கட்டாயம் வர வேண்டும். சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் பிடித்துப் பழகப் பெண்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. எதைச் செய்வதானாலும், 'ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். என்ன வேலை, எந்த நாள் என்று நீங்களே சொல்லுங்கள். யாரிடம் எதைக் கேட்பது என்று யோசிப்பதே தலைவிக்கு இன்னொரு வேலை.

உங்கள் பின்னணியை விசாரிப்பார்கள், பாதுகாப்புப் பயிற்சிக்கு வரச் சொல்வார்கள். பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர் வேண்டும் என்பார்கள். என் மேல் சந்தேகமா என்று தயவுசெய்து கோபப்படாதீர்கள். உங்கள் மகளைக் காப்பதும் அதே விதிதான்.

அப்புறம், நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று. முதல் முகாமில் என் மகளின் அணி கூடாரம் கட்டத் திணறியது. பொறுக்காமல் கயிற்றை வாங்கி நானே கட்டிவிட்டேன். கூடாரம் நின்றது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள். "விழட்டும், விட்டுவிடுங்கள். அவர்களே தூக்கிக் கட்டுவார்கள்" என்றார் தலைவி மெதுவாக. அவிழ்த்துக் கொடுத்தேன். மூன்று முறை சரிந்தது. நாலாவது முறை நின்றபோது, அணித்தலைவியாக இருந்த சிறுமியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சாரணியத்தில் அணி முறை என்பதே அதுதான்: முடிவெடுப்பதும் தப்பு செய்வதும் திருத்துவதும் பிள்ளைகள். அவர்களுக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

வருவதற்கு முன் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதின்ம வயதில், அம்மாவோ அப்பாவோ கூடவே இருப்பது சில பிள்ளைகளுக்குப் பிடிக்காது. வேண்டாம் என்றால் வருத்தப்படாதீர்கள். கணக்கும் படிவமும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். சரி என்றால், குழுவில் இருக்கும் நேரத்தில் அவளும் மற்றப் பிள்ளைகளில் ஒருத்தி. அவளுக்கென்று தனிச் சலுகையும் வேண்டாம், தனிக் கண்டிப்பும் வேண்டாம்.

அடுத்த முகாமுக்கு இன்னும் இரண்டு பெரியவர்கள் வேண்டும். இந்த வாரம் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வாருங்கள். பெயர் எழுதும் நோட்டு கதவுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது.

அன்புடன்,
உங்களில் ஒரு தாய்