ஏழு நாள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஊருக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் அக்கா, அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

காலாண்டு விடுமுறையில் காங்கயம் பக்கம் உங்கள் ஊரில் நடந்த எங்கள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம் நல்லபடியாக முடிந்தது. நிறைவு நாளில் மாணவிகளைப் பாராட்டினீர்கள், எனக்குச் சால்வை போட்டீர்கள். பாராட்டு போக வேண்டிய இடம் வேறு. அதற்குத்தான் இந்த மடல். பேர் போட்டு எழுதினால் விட்டுப்போனவர்கள் மனசு கோணும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் யார் பேரும் போடவில்லை. அவரவருக்குத் தெரியும்.

முதலில் மகளிர் சுயஉதவிக் குழு அக்காக்கள். பையன்கள் முகாம் என்றால் பாய் விரிக்க ஒரு கூடம் கிடைத்தால் சமாளித்துவிடலாம். பெண் பிள்ளைகளுக்கு அப்படி ஆகாது. கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும், ராத்திரி கழிப்பறைக்குப் போகிற வழியில் விளக்கு வேண்டும், துணி காயப்போட மறைவான இடம் வேண்டும், நாப்கின் போட மூடி வைத்த வாளி வேண்டும். இதையெல்லாம் ஆண்கள் நிறைந்த ஊர்க்கூட்டத்தில் எப்படிக் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், "அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க டீச்சர், நீங்க புள்ளைகளக் கூட்டிட்டு வாங்க" என்று ஒரே பேச்சில் முடித்தவர்கள் இவர்கள்தான். பகலெல்லாம் தேங்காய்க் களத்தில் பருப்பு காயவைத்துவிட்டு வந்து, ராத்திரி முறை வைத்து இரண்டு இரண்டு பேராக, பிள்ளைகள் தங்கியிருந்த நடுநிலைப் பள்ளித் திண்ணையில் படுத்துக்கொண்டார்கள். பள்ளிக்கு எதிர்வீட்டு அம்மா தன் மொட்டைமாடிக் கொடியை எங்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். பள்ளிச் சாவியைக் கொடுத்த தலைமை ஆசிரியருக்கும், பழுதான குழாயை அன்றைக்கே மாற்றிக் கொடுத்த ஊராட்சிக்கும் நன்றி.

பெற்றோரையும் சொல்லியாக வேண்டும். பதினொன்றாம் வகுப்புப் பெண்ணை ஒரு வாரம் வெளியூரில் தங்க அனுப்புவது இன்னும் பல வீடுகளில் லேசான காரியம் இல்லை. ஒரு மாணவியின் அப்பா முதல் நாள் இரவு பைக்கை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். திண்ணையில் இருந்த அக்கா, "எங்கள நம்பலீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டதும் கிளம்பிப் போனார். மறுநாள் ஒரு சாக்கு இளநீர் வந்து இறங்கியது!

முகாமின் பெரிய வேலை இட்டேரிதான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு பக்கமும் உயிர்வேலி வைத்து, தோட்டம் காடுகளுக்கு நடுவே மாடும் வண்டியும் போய்வர விட்ட பாதை அது. இப்போது அங்கே நெகிழிப் பையும் மதுப்பாட்டிலும்தான் கிடக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழிக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அந்தத் தடை இட்டேரி வரைக்கும் நடந்து வரவில்லை போலிருக்கிறது. பிள்ளைகள் கையுறையும் அரிவாளுமாக இறங்கப் போன நேரத்தில், மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஆத்தா ஒருவர் நிறுத்தினார். "குப்பையப் பொறுக்குங்க சாமி, வேலியில கை வெக்காதீங்க" என்றார். அப்புறம் அரைமணி நேரம் எங்களுக்குப் பாடம்தான். இது கிளுவை, கிளையை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். அந்தப் பக்கம் கொறங்காடு, மாடு மேய விட்ட நிலம், அதில் இருப்பது கொழுக்கட்டைப் புல், காங்கயம் மாடு மேய்வது அதைத்தான். நிழலுக்கு நிற்பது வெள்வேலம். கீரி, கௌதாரி, ஓணான் எல்லாம் வேலிக்குள்தான் குடியிருக்கின்றன, பாம்பும் இருக்கும், கம்பால் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். நான் தாவரவியல் ஆசிரியை. அப்படி ஒரு வகுப்பை நான் எடுத்ததில்லை.

அதே ஆத்தா ஒரு மாணவியின் சட்டையில் இருந்த நாட்டு நலப்பணித் திட்ட வில்லையைத் தொட்டுப் பார்த்து, "இதென்ன கண்ணு, சிவன்மலைத் தேர்ச் சக்கரமா?" என்றார். ஒடிசாவில் கோனார்க் சூரியன் கோயில் தேர்ச் சக்கரம் என்று அவள் விளக்கினாள். "எந்தூரா இருந்தா என்ன, நாலு பேர் சேந்து இழுத்தாத்தான் நகரும்" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் என்று நான் தொடக்க விழாவில் பேசியது யாருக்கு ஞாபகம் இருக்கிறதோ, இது பிள்ளைகளுக்கு மறக்காது.

கட்டிக் குவித்த மூட்டைகளை டிராக்டரில் ஏற்றியவர்கள் ஊராட்சித் தூய்மைக் காவலர்கள். நாங்கள் ஒரு வாரம் செய்ததை அவர்கள் வருஷம் முழுக்கச் செய்கிறார்கள். அவர்களுக்கு யாரும் சால்வை போட்டு நான் பார்க்கவில்லை.

கிராம சுகாதாரச் செவிலியர் ஊர்ப் பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது, எங்கள் பிள்ளைகளையும் விடாமல் உட்காரவைத்தார். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது என்று சொல்லி, குறைந்தவர்களுக்கு மாத்திரையும் திட்டும் சேர்த்தே கிடைத்தன. மூலனூர்ப் பக்கம் முருங்கை விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு கீரையை ஒதுக்கிவைத்தால் திட்டாமல் என்ன செய்வார்?

அரிசிம்பருப்பு சாதத்துக்குச் செக்கு எண்ணெய் கொடுத்த அண்ணன், சந்தகை பிழிந்து கொண்டுவந்த வளவுக்காரர்கள், ஒலிபெருக்கிக்கு வாடகை வாங்காதவர், கடைசி நாள் பஸ்ஸை நிறுத்தி ஏற்றிக்கொண்ட ஓட்டுநர், எல்லாருக்கும் நன்றி.

இரவல் வாங்கிய அண்டாவும் குண்டாவும் அவரவர் வீட்டுக்கு வந்துவிட்டன. நீளக் காம்பு வைத்த ஒரு பித்தளைக் கரண்டி மட்டும் எங்கள் சாமானோடு கலந்து வந்துவிட்டது. காம்பின் அடியில் எழுத்து வெட்டியிருக்கிறது, தேய்ந்துபோனதால் படிக்க முடியவில்லை. யாருடையது என்று நடுநிலைப் பள்ளியில் சொல்லிவிட்டால் மாணவிகளே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

அன்புடன்,
திட்ட அலுவலரும் மாணவிகளும்,
நாட்டு நலப்பணித் திட்டம்