கிரேக்கப் பாண்டங்களின் முழு உருவத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பண்டைய கிரேக்க மண்பாண்டங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரை முழுக்க ஓவியத்தைப் பற்றியே பேச்சு. அது எந்தப் பாத்திரத்தின் மேல் இருக்கிறது, அந்தப் பாத்திரத்தில் என்ன ஊற்றினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. படங்களையும் ஓவியம் மட்டும் தெரிகிற மாதிரி வெட்டிப் போட்டுவிட்டீர்கள். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது, ஏனென்றால் கிரேக்க ஓவியர்கள் பாத்திரத்தின் வளைவைப் பார்த்துத்தான் என்ன வரைவது என்றே முடிவு செய்தார்கள்.

கிரேக்கர்கள் ஒயினில் தண்ணீர் கலந்துதான் குடிப்பார்கள். கலப்பதற்கு வாய் அகன்ற பெரிய பாத்திரம் வேண்டும், அதுதான் கிராட்டர். ஒயினும் எண்ணெயும் சேமிக்க இரண்டு கைப்பிடி வைத்த ஆம்போரா. தண்ணீர் எடுக்கும் ஹைட்ரியாவுக்கோ மூன்று கைப்பிடி: தூக்குவதற்குப் பக்கத்துக்கு ஒன்று, சாய்த்து ஊற்றப் பின்னால் செங்குத்தாக ஒன்று. கழுத்து குறுகிய லெகிதோஸ் எண்ணெய்க்கானது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ்காரர்கள் வெள்ளைப் பூச்சின் மேல் மெல்லிய கோடுகளால் வரைந்து கல்லறைகளில் வைத்த லெகிதோஸ்கள் சிலவற்றுக்குள் சின்னதாக இன்னொரு கிண்ணம் மறைந்திருக்கும், கொஞ்சம் எண்ணெய் விட்டாலே வாய் வரை நிறைந்துவிடும். துக்க வீட்டுச் செலவைக்கூட யோசித்து வனைந்திருக்கிறார்கள்!

கைலிக்ஸ் என்ற அகன்ற குடிகலத்துக்குப் படம் உள்ளேயும் வரும். எக்செகியாஸ் என்ற ஏதென்ஸ் குயவரும் ஓவியருமானவர் செய்த ஒன்று ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் இருக்கிறது. ஒயின் கடவுள் டயோனிசஸ் கப்பலில் சாய்ந்திருக்கிறார், பாய்மரத்தைப் பற்றி ஏறிய திராட்சைக் கொடியில் 7 குலைகள், சுற்றிலும் 7 டால்பின்கள். குடிக்கக் குடிக்கத்தான் இந்தக் காட்சி வெளியே தெரியும். இதைத் தட்டையாக வெட்டி அச்சிட்டால் வாசகருக்கு என்ன புரியும்?

அப்புறம், கட்டுரையில் "கறுப்புச் சாயம்" என்று வருகிறது. அது சாயம் இல்லை. இரும்புச் சத்துள்ள களிமண்ணை நீரில் கரைத்து, நைசான பகுதியை மட்டும் எடுத்துக் குழம்பாக்கிப் பூசினார்கள். சூளையில் முதலில் காற்றோட்டத்தோடு எரிக்கும்போது எல்லாமே சிவக்கும். பிறகு காற்றை அடைத்து, பச்சை விறகு போட்டு, வெப்பத்தைச் சுமார் 950 டிகிரி வரை ஏற்றினால் எல்லாமே கறுக்கும், குழம்பு பூசிய இடம் மட்டும் கண்ணாடி போல இறுகிவிடும். கடைசியில் மறுபடி காற்றை விட்டால், பூசாத மண் திரும்பவும் சிவந்துவிடும், இறுகிய இடத்துக்குள் காற்று புகாததால் அது கறுப்பாகவே நின்றுவிடும். ஒரே சூளையில், ஒரே தடவையில் இவ்வளவும். கட்டுரையின் பாதியை இதற்கே கொடுத்திருக்கலாம்.

இது தெரிந்தால்தான் இரண்டு பாணிகளும் பிடிபடும். கொரிந்து நகரத்தில் கி.மு. 700 வாக்கில் தொடங்கிய கரும்உருவப் பாணியில் உருவத்தைக் குழம்பால் நிரப்பி, உள்கோடுகளைக் கூரிய கருவியால் கீறுவார்கள். கி.மு. 530-520 வாக்கில் ஏதென்ஸில் இதைத் தலைகீழாக்கினார்கள். பின்புலம் கறுப்பு, உருவம் மண்ணின் சிவப்பு, உள்கோடு தூரிகையால். கீறுவதற்குப் பதில் வரைய முடிந்ததும் உடம்பின் திருப்பங்கள் வந்துவிட்டன. யூதிமிதீஸ் என்ற ஓவியர் ஓர் ஆம்போராவில், முதுகைக் காட்டித் திரும்பி ஆடும் ஒருவனை வரைந்து, யூஃப்ரோனியோஸால் ஒருபோதும் இப்படி முடியாது என்று பாத்திரத்திலேயே எழுதிவைத்தார். சக ஓவியரோடு இப்படி ஒரு போட்டி!

புதியது வந்ததும் பழையது ஒழிந்துவிட்டது என்று கட்டுரை சொல்வதும் சரியில்லை. ஏதென்ஸில் அதீனா தெய்வத்துக்கான விளையாட்டு விழாவில் வென்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய் நிரப்பிக் கொடுத்த ஆம்போராக்களில், சிவப்பு உருவங்கள் பரவிய பிறகும் வெகுகாலம் கரும்உருவப் பாணியே தொடர்ந்தது.

வாத்திகனில் உள்ள எக்செகியாஸின் ஆம்போராவின் ஒரு பக்கத்தை மட்டும் போட்டிருந்தீர்கள், ட்ராய் போர்க் கதையின் வீரர்களான அகில்லஸும் அஜாக்ஸும் பகடை ஆடும் காட்சி. குனிந்திருக்கும் இருவரின் முதுகும் பாத்திரத்தின் தோள் வளைவோடு சேர்ந்தே வளைவதுதான் அதன் அழகு, வெட்டிய படத்தில் அது போயே போய்விட்டது. மறுபக்கத்தில் புராண இரட்டையர்களான காஸ்டரும் பாலிடியூசஸும் வீடு திரும்புகிறார்கள், ஒரு நாய் தாவி வரவேற்கிறது. அடுத்த முறை இரண்டு பக்கத்தையும் போடுங்கள். பாத்திரத்தின் பெயர், உயரம், பயன், இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதைப் படத்தின் கீழே இரண்டு வரியில் சொல்லிவிடலாம், அதற்குப் பெரிய இடமும் தேவைப்படாது.

அன்புடன்,
உங்கள் வாசகர்