கண்ணகி நடத்திய விசாரணை

கிளிநொச்சி

அன்புள்ள வதனா,

பார்சல் கிடைத்தது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வந்த உன் மச்சாள் வீடு தேடி வந்து தந்துவிட்டுப் போனாள். சொக்லேட் எல்லாம் உருகிக் களியாகிவிட்டது. புத்தகங்கள் தப்பிவிட்டன, அது போதும். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். சின்னவள் உயர்தரத்துக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனோடு கிடக்கிறாள். வெயில் ஆளைக் கொல்கிறது. தை மாதக் கடிதத்துக்கு இப்போதுதானா பதில் என்று முறைக்காதே. வெற்றிலைப் பெட்டி விவகாரத்தில் நீ எத்தனை வருடம் வாயே திறக்காமல் இருந்தாய் என்பது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

எடியே, இந்தக் கொலைக் கதைகளைப் பற்றி யாரோடாவது கதைக்காவிட்டால் எனக்கு விசர் பிடித்துவிடும். இவர் பேப்பரைத் தவிர ஒன்றும் வாசியார். அதனால் நீதான் அகப்பட்டாய்.

முதலில் அகதா கிறிஸ்டி. ரோஜர் அக்ராய்ட் கதை 1926இல் வந்ததாம்; இன்னும் பழசாகவில்லை. நீ வாசித்ததுதான், ஆனால் என் கடிதங்களை உன் மகள் எடுத்துப் படிப்பாள் என்பதால் கொலைகாரரின் பெயரை எழுத மாட்டேன். முடித்தவுடன் எனக்குச் சரியான கோபம். இப்படியும் ஏமாற்றலாமா என்று திரும்பவும் முதல் அத்தியாயத்துக்குப் போய் வரிவரியாகப் பார்த்தேன். ஓரிடத்திலும் பொய் இல்லையடி! எல்லாம் கண்ணுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது, நாம்தான் தாண்டிப் போயிருக்கிறோம். வைத்தியரின் தமக்கை கரோலின் இருக்கிறாளே, வீட்டை விட்டு அசையாமலே ஊர்ச் செய்தி முழுவதையும் விரல் நுனியில் வைத்திருப்பவள், அவளை வாசிக்க வாசிக்க எனக்குச் சந்திக்கடை அன்ரியின் முகமே வந்துகொண்டிருந்தது. துப்பறிகிற அந்தப் பெல்ஜியத்துக்காரர் புவாரோ வேலையை விட்டுவிட்டுத் தோட்டம் செய்ய வந்து, காய் சரியில்லை என்ற ஆத்திரத்தில் மதிலுக்கு மேலால் எறிகிற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அம்மா எட்டிப் பார்த்தா.

இன்னொன்று தெரியுமா? அதே 1926 டிசம்பரில் கிறிஸ்டியே காணாமல் போனாள். நாடு முழுக்கத் தேடி, 11 நாட்களுக்குப் பிறகு ஹரோகேட் என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் கண்டுபிடித்தார்கள். புருஷனின் காதலியின் குடும்பப் பெயரில் அறை எடுத்திருந்தாளாம். பிறகு எழுதிய தன் வரலாற்றில்கூட அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஊரார் மர்மத்தை எல்லாம் அவிழ்த்தவள் தன்னுடையதை மட்டும் முடிந்து வைத்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

அந்தத் தடித்த அமெரிக்கப் புத்தகத்தை மட்டும் ஏன் அனுப்பினாய்? பக்கத்துக்குப் பக்கம் பிரேதத்தை வெட்டித் திறந்து காட்டுகிறான். காயம் எப்படி இருக்கும், மணம் எப்படி இருக்கும் என்று எங்களுக்கா அவன் சொல்லித் தர வேண்டும்? பாதியிலேயே மூடிவிட்டேன். கதவு அடிபடாமல் முண்டு கொடுக்க உதவுகிறது.

ஆனால் அந்த ஜப்பான்காரர் ஹிகாஷினோவுக்காக உன்னுடைய எல்லாப் பிழைகளையும் மன்னிக்கலாம். 2005இல் வந்த கதை. கணித வாத்தியார் ஒருவர். பக்கத்து வீட்டுக்காரி சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடையில் வேலை செய்கிறாள். யார், யாரை, ஏன் கொன்றது என்று தொடக்கத்திலேயே கையில் தந்துவிடுகிறார். பிறகும் கடைசிவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கிறது. வாத்தியார் தன் பரீட்சைக் கேள்விகளைப் பற்றி ஒன்று சொல்வார்: கேத்திரகணிதம் போலத் தெரியும், உண்மையில் அது சார்புக் கணக்கு. இத்தனை வருடம் கணக்குப் படிப்பித்த எனக்கே அந்த இடத்தில் ஒன்றும் ஓடவில்லை. முடிவில்தான் விளங்கியது, முழுக் கதையுமே அப்படி ஒரு கேள்வி என்று.

இந்தக் கதையைச் செல்வி அக்காவுக்குச் சொன்னேன். அவ இன்னமும் கந்தசுவாமி கோயிலடிப் பந்தலுக்குப் போய் வருகிறா, காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடுகிற சனத்தின் போராட்டம், 2017 பெப்ரவரியில் தொடங்கியது இன்னும் முடியவில்லை. நான் சொல்லச் சொல்லப் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றுதான் கேட்டா: “உடம்பு கிடைச்சதோ?” கிடைத்தது அக்கா என்றேன். “அப்ப என்ன, மிச்சத்தைப் பிடிச்சிடுவாங்கள்தானே” என்றா.

வதனா, 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் போட நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தது உனக்குத் தெரியும். அந்த நாட்களில் அக்கா எத்தனை முறை அங்கே போனா என்பதும் தெரியும். நாவலில் இது இரண்டாம் அத்தியாயம். ஒரு வைத்தியர் வருவார், ஒரு பொலிஸ்காரர் வருவார், பெயர் தெரிந்துவிடும். அன்றிலிருந்து அக்காவிடம் கதை சொல்லப் போவதில்லை.

அந்த யோசனையோடுதான் இந்த முறை பொங்கலுக்குப் போனேன். கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்க்க வழக்கமான சனம். நெரிசலில் நின்றபோது திடீரென்று பட்டது: துப்பறிகிற ஆளைத் தேடி நாம் ஏன் லண்டனுக்குப் போகிறோம்? இங்கே ஒருத்தி நிற்கிறாளே! சிரிக்காதே, முழுவதையும் கேள். சிறுவயதில் கோவலன் கூத்தை விடியவிடியத் தூங்கி விழுந்து பார்த்தபோது நமக்கு அழுகை மட்டும்தான் வந்தது. வந்து சிலப்பதிகாரத்தை எடுத்து ஒரு கேஸ் கட்டைப் போல வாசித்தேன். களவெடுத்தவன் பொற்கொல்லன் என்பது நமக்கு முதலே தெரியும், அந்த ஜப்பான் கதையைப் போல. அரசன் விசாரிக்கவில்லை. சிலம்பு கோவலன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டு வா என்கிறான். கையில் இருந்தால் கள்ளன், அவ்வளவுதான் சட்டம். காவலர்கூட இவன் முகம் கள்ளன் முகமில்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கிக் கள்ளருக்கு எட்டுக் கருவி உண்டென்று ஒரு பாடமே நடத்துகிறான். நிபுணர் சாட்சியமடி! அது இழுபட்டுக்கொண்டிருக்கும்போதே படிப்பறிவில்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இனித்தான் கண்ணகி. சிலம்பை உடைத்தாள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உடைப்பதற்கு முன்னால் செய்ததைப் பார். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலில் தன் பக்கத்தைச் சொல்லிவிடுகிறாள். எங்களுடையது முத்து என்று அரசன் தன் வாயாலே சொல்கிறான். இரண்டு வாக்குமூலமும் சபையில் பதிவான பிறகுதான் கோவலனிடம் எடுத்த சிலம்பு வருகிறது, உடைகிறது, மணி தெறித்து அரசன் வாயிலேயே படுகிறது. இனி யார் மறுக்க? எல்லோரையும் வரவேற்பறையில் இருத்தி வைத்து அரை மணித்தியாலம் பேசுகிற வேலை அவளுக்கு இல்லை.

ஆனால் கடைசி அத்தியாயம் எனக்குப் பிடிக்கவில்லை. மதுரை எரிந்த பிறகு, கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற் செழியன் அவளுக்குப் பலியாக ஆயிரம் பொற்கொல்லரைக் கொல்கிறான். ஒருவன் எடுத்த சிலம்புக்கு ஆயிரம் பேர். அந்த ஆயிரத்தில் அவன் இருந்தானோ என்று கேட்க ஒருவருமில்லை. மாணிக்கமா முத்தா என்று அவ்வளவு துல்லியமாகக் கேட்டவள் பெயரில் இப்படி. இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுது, பகிடி விடாமல்.

சரி. அடுத்த பார்சலுக்கு: சைமெனனின் மேக்ரே கதைகள் கிடைத்தால் அனுப்பு. பைப் புகைத்துக்கொண்டு, மனைவியின் சமையலுக்கு வீடு திரும்புகிற அந்தப் பாரிஸ் பொலிஸ்காரரை எனக்குப் பிடிக்கும். சுஜாதா வேண்டாம், இங்கேயே இருக்கிறது. அதோடு வசந்த் மேல் உனக்கிருந்த பைத்தியத்தை நான் இன்னும் உன் புருஷனிடம் சொல்லவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள். சொக்லேட்டை இனி மாரியில் அனுப்பு.

ஜப்பான் கதையை நீ இன்னும் வாசிக்கவில்லை என்று மச்சாள் சொன்னாள். வாங்கி வாசி. கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கிற உன் கெட்ட பழக்கம் இந்த முறை கூடாது. பாதியில் நிறுத்தி, வாத்தியார் உண்மையில் என்ன செய்தார் என்று நீ நினைக்கிறாயோ அதை எழுதி அனுப்பு. சரியாகச் சொன்னால் வெற்றிலைப் பெட்டியைத் திருப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உன் ராணி