அம்மாவோட கண்ணு, அப்புறம் உன் சிகரெட்டு

டேய் முரளி,

எப்படி இருக்க, வீட்ல எல்லாரும் சுகமா? பாப்பா பரீட்சை முடிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். ஃபோன்ல சொன்னா பாதியில வேற பேச்சுக்குத் தாவிடுவ, அதான் உக்காந்து எழுதுறேன்.

அம்மாவுக்கு கதவு நிலை வளைஞ்சு தெரிய ஆரம்பிச்சது, யார் முகத்தைப் பாத்தாலும் நடுவுல மட்டும் மங்கல். ஸ்கேன் எடுத்தா வலது கண்ல வெட் டைப் மாகுலா சிதைவு, அதாவது நடுப்பார்வை கெட்டுப்போற நோய், அதுல ரத்தக்குழாய் கசியுற வகை; இடது கண்ல கசிவில்லாத ட்ரை டைப். வலது கண்ணுக்கு ஊசி போட ஆரம்பிச்சாச்சு. கண்ணுக்குள்ள ஊசிடா, ஆனா அவங்க அசரவே இல்ல, “முடிஞ்சுதா”ன்னு கேட்டுட்டு எந்திரிச்சாங்க. உனக்குத்தான் அவங்களைத் தெரியுமே.

அதுலேர்ந்து இதைப் பத்தி படிச்சுக்கிட்டே இருக்கேன், செல்வி திட்டுறா. கண்ணுக்குள்ள ஒளியை வாங்குற படலம் ரெட்டினா, அதுக்குப் பின்னாடி கோராய்டுன்னு ஒரு ரத்தக்குழாய் படலம் இருக்கு, கண்ணுக்கு வர்ற ரத்தத்துல பெரும்பங்கு அதுக்குத்தான் போகுது, எடைக்கு எடை பாத்தா உடம்புலயே ரொம்ப அதிகமா ரத்தம் ஓடுற இடங்கள்ல அது ஒண்ணு. நாம எழுத்து படிக்கிற, முகம் பாக்குற அந்த நடுப்புள்ளி இருக்கே, அங்க ரெட்டினாவோட சொந்தக் குழாயே கிடையாது, முழுக்க கோராய்டை நம்பித்தான் இருக்கு. நீல வானத்தை உத்துப் பாத்தா மினுமினுன்னு புள்ளி ஓடுதுன்னு சொல்லி வாத்தியார்கிட்ட பேர் வாங்கினியே, அது உன் ரத்தத்தோட வெள்ளை அணுடா! சிவப்பணு நீல ஒளியை உறிஞ்சிடும், வெள்ளை அணு விட்டுடும், அதான் அது போற வழி பளிச்சுனு தெரியுது. இன்னொரு தடவை பாரு, நடுவுல மட்டும் புள்ளி வராது.

வயசாக ஆக கோராய்டு மெலியுது, அதுக்கும் ரெட்டினாவுக்கும் நடுவுல இருக்குற சவ்வு தடிச்சு கொழுப்பு சேருது, ட்ரூசன்னு மஞ்சள் படிவு விழுது. ஆக்சிஜன் உள்ள வர்றதும் கஷ்டம், கழிவு வெளிய போறதும் கஷ்டம். சில பேருக்கு அப்புறம் விஇஜிஎஃப்-னு ஒரு புரதம் கூடி புதுக் குழாய் முளைக்கும், பலமில்லாத குழாய், கசியும். அம்மாவோட வலது கண்ணு அதுதான். ஊசி அந்தப் புரதத்தைத் தடுக்குது. 2006ல ரானிபிஜுமாப்னு இந்த மாதிரி ஊசி மருந்து வர்றதுக்கு முன்னாடி இந்த வகையில போன பார்வை கொஞ்சமாவது திரும்புறதே அபூர்வமாம்.

என்னைத் தூங்க விடாத கேள்வி இடது கண்ணைப் பத்தினது. ரெண்டு மருத்துவ மாணவர்கள் கையில சாயம் ஏத்தி கண்ணுக்குள்ள ரத்தம் ஓடுறதைப் படம் பிடிச்சு 1961ல வெளியிட்டாங்க, இப்ப ஓசிடி ஆஞ்சியோகிராம்னு ஒளியால எடுக்குற ஸ்கேன்ல சாயமே வேண்டாம், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப எடுத்து எது மாறுதோ அது ஓடுற ரத்தம்னு பிரிச்சுடுது. அதுல பாத்தா நோய் வந்த கண்ல கோராய்டோட நுண்குழாய்கள்ல ஓட்டம் குறைஞ்சிருக்கு. ஆனா ரத்தம் குறைஞ்சு செல் சாகுதா, செல் செத்து குழாய் சுருங்குதா? இன்னும் தீராத விவாதம். ரத்தம்தான் முதல்னு உறுதியாச்சுன்னா பார்வை மங்குறதுக்கு வெகு முன்னாடியே பிடிச்சுடலாம், நினைச்சுப் பாரு.

இப்ப உன் விஷயம். உங்கப்பா கடைசி வருஷங்கள்ல உன்னைக் குரலை வச்சுத்தான் கண்டுபிடிச்சாரு, அதே நோய்தான். குடும்பத்துல இருந்தா ஆபத்து கூடும், சிகரெட் பிடிச்சா ரெண்டிலிருந்து நாலு மடங்கு. வயசையும் பரம்பரையையும் மாத்த முடியாது, சிகரெட்டை உன்னால மாத்த முடியும், நம்ம ஃப்ரெண்டு ஒல்லியே விட்டுட்டான்டா! எப்பவும் ஒரு கண்ணை மூடிட்டு இன்னொண்ணால கட்டம் போட்ட பேப்பரைப் பாரு, ரெண்டும் திறந்திருந்தா நல்ல கண்ணு கெட்ட கண்ணை மறைச்சுடும். கோடு நெளிஞ்சா அன்னைக்கே ஓடு. நெளியலைன்னாலும் கண்மணியை விரிச்சு ரெட்டினாவைப் பாக்கச் சொல்லு, கண்ணாடி பவர் மட்டும் செக் பண்ணிட்டு வந்துடாத.

ஒல்லி உன்கூட வர்றேன்னு சொல்லிட்டான். நாள் குறிச்சுட்டு எனக்கு எழுது.

சேகர்