தம்பிக்கு: ஆடிட்டர் ஆபீஸா, அரசுத் தணிக்கையா?

அன்புள்ள தம்பிக்கு,

சி.ஏ. இன்டரில் இரண்டு குரூப்பும் பாஸ் என்று நீ சொன்ன அன்று ராத்திரியே சித்தி போன் செய்தார். "கவர்மென்ட் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லு கண்ணு, நீ சொன்னா கேப்பான்" என்றார். நான் சொல்லப்போவது வேறு. முதலில் ஆர்ட்டிகிள்ஷிப் சேர், அதாவது ஒரு ஆடிட்டரிடம் பயிற்சிக்கு. அரசுத் தணிக்கைக்கு அப்புறம் போகலாம்.

நான் சேர்ந்தபோது அது மூன்று வருஷம். 2023-இல் இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். முதல் மாதமே என்னை ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு அனுப்பினார்கள். மரவள்ளிக் கிழங்குக்கு ஒரே விலை கிடையாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, பாயிண்ட்டுக்கு இவ்வளவு என்று போடுவார்கள். லோடுக்கு லோடு தொகை மாறும். எடைச்சீட்டு, பாயிண்ட் சீட்டு, கொள்முதல் பில் மூன்றையும் வைத்து ஒத்துப் பார்க்கணும். சீட்டெல்லாம் கிழங்கு மண் ஒட்டி, ஈரத்தில் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் கிழியாமல் பிரித்துப் படித்த நாட்களில்தான் எனக்குக் கணக்கு பிடிபட்டது. அப்புறம் சேலம் செவ்வாய்ப்பேட்டை. வெள்ளி முதலாளியுடையது, இருப்பதோ கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டில். கொடுத்தது எவ்வளவு, கொலுசாக வந்தது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கிராமில் ஒரு நோட்டு, ரூபாயில் ஒரு நோட்டு. ஏற்காட்டுக் காபித் தோட்டத்தில் இன்னொரு கணக்கு: விளைவித்துப் பதப்படுத்தி விற்றால் லாபத்தில் 25 சதவீதம்தான் வருமான வரிக்குள் வரும், வறுத்து அரைத்து விற்றால் 40. இருபத்திரண்டு வயதில் இத்தனை தொழிலின் உள்பக்கத்தை வேறு எந்த வேலை காட்டும், சொல்?

கஷ்டமும் உண்டு. வரித் தணிக்கை அறிக்கைக்குக் கெடு 30-ஆம் தேதி என்பதால் செப்டம்பரில் கடைசி பஸ்தான். உதவித்தொகை பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகிவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், யார் கணக்கைப் பார்க்கிறோமோ அவரே நமக்குப் பணம் கொடுக்கிறார். குறையை எழுதும்போது பேனா ஒரு நிமிஷம் தயங்கும். அரசுப் பக்கம் என்னை இழுத்தது இதுதான்.

டி.என்.பி.எஸ்.சி. எழுதி உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கு வந்தேன். ஒரு ஊராட்சியில் சிமென்ட் சாலைக்கான எம்-புக்கை, அதாவது வேலையின் அளவுகளை எழுதும் புத்தகத்தை, கொடுத்தார்கள். இரண்டு தெரு. நீளம், அகலம், கனம் மூன்றும் இரண்டுக்கும் அச்சாக ஒன்று. பக்கத்திலிருந்தவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார், எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்த மண் சீட்டுகளில் அடுத்தடுத்த இரண்டு லோடு ஒரே எடை வந்து நான் பார்த்ததே இல்லை. நேரில் போய் டேப் பிடித்தோம். இரண்டாவது தெருவில் சாலை பாதியில் நின்றது. தணிக்கைத் தடை, அதாவது இந்தக் குறைக்குப் பதில் சொல்லுங்கள் என்ற ஆட்சேபம், எழுதினேன், யார் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பதில் வரத்தான் வருஷக்கணக்கானது. இங்கே வந்தால் அந்தப் பொறுமை வேண்டும்.

சித்திக்கு வயசு போய்விடுமே என்ற பயம். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வில் தணிக்கையாளர் பதவிக்கு 27 வயது வரை எழுதலாம். அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய். பட்டப்படிப்பு போதும். நீ ஆர்ட்டிகிள்ஷிப் முடிக்கும்போது உனக்கு 24. வீட்டில் உடனே சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் நானே உன்னைப் பரீட்சைக்கு அனுப்பியிருப்பேன். சித்தப்பாவின் தறி ஓடுகிறது, கடனும் இல்லை. இந்த இரண்டு வருஷத்தை அவர்களால் தாங்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை மார்க் ஷீட்டோடு வீட்டுக்கு வா. ஐந்து ரோட்டில் எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் ஆள் தேடுகிறார். அவரிடம் ஒன்றே ஒன்று கேள்: ஆபீஸிலேயே ரிட்டர்ன் போட உட்கார வைப்பீர்களா, ஆலைக்கும் பட்டறைக்கும் அனுப்புவீர்களா? சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா