பின்னால் திரும்பிப் பார்த்து வீசு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். இந்த வருஷம் உறைபனி சீக்கிரமே வந்துவிட்டது, அம்மாவின் டேலியா எல்லாம் கருகிப் போச்சு. அண்ணன் பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மற்ற சேதி அப்புறம்.

ஏரியில் நீ தூண்டில் வீசுகிற வீடியோவைப் பார்த்தேன். மெதுவாக ஓட விட்டும் பார்த்தேன். "இன்னும் தூரம் போக மாட்டேங்குதுப்பா" என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிடி மாறவில்லை. கட்டைவிரல் மேலே, தாத்தா வைத்துவிட்ட அதே இடத்தில். மணிக்கட்டும் உடைந்து பின்னால் சாயவில்லை. வாக்கிங் வரும் நண்பர்களிடம் காட்டினேன். கோல்ரிட்ஜ் ஏரி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது, ஆனாலும் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மகள் நியூசிலாந்தில் வேலை பார்க்கிறாள் என்று சொல்வதைவிட, மகள் இறகில் கட்டிய பொய்ப்பூச்சியை வைத்து ட்ரவுட் மீன் பிடிக்கிற ஃப்ளை ராடு வீசுகிறாள் என்று சொல்வதில்தான் எனக்குப் பெருமை. சொல்லிவிட்டேன், இனித் திட்டு.

தொடங்கும்போதே ராடு நுனியைத் தூக்கி வைத்திருக்கிறாய். நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே லைன் தொய்ந்து தொங்குகிறது. கையை அசைத்தால் முதலில் அந்தத் தொய்வு இழுபடும், அதற்குப் பிறகுதான் ராடு வளையவே ஆரம்பிக்கும். பாதி வீச்சு அங்கேயே வீண். நுனியைத் தண்ணீர் தொடும் அளவுக்குத் தாழ்த்து, இடது கையால் தொய்வை உள்ளே இழு, அப்புறம் தூக்கு. லைன் முழுவதும் தண்ணீரைவிட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் வேகம் கூட வேண்டும். 6ஆம் எண் லைனில் முதல் 30 அடியின் எடையே சுமார் 10 கிராம்தான். நுனியில் இருக்கிற அந்தப் பொய்ப்பூச்சிக்கு, ஃப்ளைக்கு, எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. அந்த 10 கிராம்தான் ராடை வளைக்க வேண்டும். அது தொய்ந்து கிடந்தால் எதை வைத்து வளைப்பாய்?

இப்போது பெரிய குறை. பின்வீச்சில் நீ காத்திருப்பதே இல்லை. லைன் பின்னால் நீண்டு முடிவதற்குள் கை முன்னால் நகர ஆரம்பித்துவிடுகிறது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார், நீயே கண்டுபிடிப்பாய். கை மெல்ல முன்னால் ஊர்ந்துவிட்டால், முன்வீச்சுக்கு இடம் இருக்காது. குறைந்த இடத்தில் அதே பலத்தைப் போட வேண்டியிருப்பதால் ஒரேயடியாக வெட்டுகிறாய். ராடு நுனி நேர்கோட்டில் போகாமல் நடுவில் குழிந்து போகிறது. காற்றில் லைன் மடிந்து போகும் லூப்பின் மேல்பக்கம் கீழே விழுந்து கீழ்ப்பக்கத்தைக் குறுக்கே வெட்டுகிறது. அதில்தான் லைன் நுனியில் கட்டிய மெல்லிய இழையில், லீடரில், முடிச்சு விழுகிறது. "காத்து முடிச்சு போட்டுடுச்சு" என்று நீ சொன்னது பொய். அது காற்று போட்ட முடிச்சு இல்லை, உன் அவசரம் போட்டது. நல்ல மீன் கடித்தால் அந்த முடிச்சில்தான் அறும்.

அவசரம் உனக்குப் புதிதா என்ன? கல்யாணத் தேதி குறித்ததிலிருந்து டிக்கெட் போட்டது வரை எதில் காத்திருந்தாய்? சரி, அதை விடு.

செய்ய வேண்டியது இதுதான். வலது காலைக் கொஞ்சம் பின்னால் வை, உடம்பைத் திற, தலையைத் திருப்பி லைனைக் கண்ணால் பார். லூப் விரிந்து லைன் நேராகும் வரை பார். லைன் நீளம் கூடக் கூடக் காத்திருப்பும் கூட வேண்டும். 25 அடிக்கு எடுக்கும் நேரம் 50 அடிக்குப் போதாது. காத்திருக்கும்போது கை சும்மா இருக்க முடியாவிட்டால், முன்னால் ஊராமல் இன்னும் கொஞ்சம் பின்னால் போகட்டும். அந்த அளவுக்கு முன்வீச்சுக்கு இடம் கிடைக்கும். பின்னால் திரும்பிப் பார்ப்பது கற்றுக்குட்டி வேலை என்று நினைக்காதே. தாத்தா கடைசி வரை பார்த்தார்.

திரும்பிப் பார்த்திருந்தால் போனையும் நீ பார்த்திருப்பாய். வீடியோ கொஞ்சம்கூட அசையவில்லை. போன தடவை மாப்பிள்ளை எடுத்தபோது வானம் பாதி, அவர் ஷூ பாதி, நடுவில் அவர் சிரிப்பு. இதில் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஸ்டாண்ட் ஏதாவது வாங்கினாயா? கல் மேல் சாய்த்து வைத்த மாதிரி தெரிந்தது.

ராடைப் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் வைத்துக்கொள் என்று சின்ன வயதில் நான் சொன்னதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாய். அது ஓடைக்குச் சொன்னது. கிட்டே வீசும்போது வீச்சு குறுகலாக இருக்கலாம். தூரம் வேண்டுமானால் கை நெடுக நகர வேண்டும், ராடு சாயும் கோணமும் அகல வேண்டும். நீளமான லைனோடு ராடு நிறைய வளைகிறது. நிறைய வளைந்த ராடின் நுனி நேர்கோட்டில் போக வேண்டும் என்றால் கைக்கு இடம் தாராளமாக வேண்டும். ஆனால் முடிவில் நிறுத்து. சட்டென்று நிறுத்து. அம்மா ஈரத் துணியைக் கொடியில் போடுமுன் உதறுவாளே, அதில் கை எப்படி மெதுவாகத் தொடங்கி, வேகமெடுத்து, டக்கென்று நிற்கிறதோ அப்படி. தொடக்கத்திலேயே பலத்தைக் கொட்டாதே. நீ அதைத்தான் செய்கிறாய்.

இன்னொன்று. தூரம் வேண்டும் என்று காற்றில் லைனை நீட்டிக்கொண்டே போகிறாய். உன் லைன் முன்பக்கம் கனமானது. கனமான பகுதி ஏறக்குறைய 30, 40 அடிக்குள் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் வருவது மெல்லியது. மெல்லிய பகுதியை நுனிக்கு வெளியே நிறைய விட்டால், அது கனத்தைத் தள்ளிக்கொண்டு போகாது, லூப் சரிந்துவிடும். கனமான பகுதி நுனியைத் தாண்டி ஓரிரு அடி வெளியே வந்ததும் நீட்டுவதை நிறுத்து. மீதியைக் கடைசி வீச்சில் பறக்க விடு. விடுவதிலும் உனக்கு முந்திக்கொள்ளும் பழக்கம். ராடு நின்ற பிறகுதான் விரலைத் திறக்க வேண்டும்.

இடது கை இழுப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். முன்னும் பின்னும் இரண்டு இழுப்பு. 1930களில் அமெரிக்காவில் மார்வின் ஹெட்ஜ் போட்டிகளில் செய்து காட்டிய பிறகுதான் அது பரவியது. பார்க்கக் கஷ்டம், பழகினால் எளிது. ராடு வேகமெடுக்கும்போது இழு, ராடு நிற்கும்போது இழுப்பும் முடியட்டும். நீ இழுப்பதெல்லாம் சரி. இழுத்த கையைத் திரும்பக் கொடுப்பதில்லை. பின்வீச்சில் இழுத்தபின், லைன் பின்னால் போகப் போக இடது கையும் அதனுடன் ராடை நோக்கி மேலே வர வேண்டும். வராவிட்டால் அடுத்த இழுப்புக்கு நீளம் ஏது? கை இடுப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. புல்லில் நின்று பழகு. பின்னால் ஒரு இழுப்பு போட்டு லைனைப் புல்லில் விழவிடு. நிதானமாகக் கையை மேலே கொண்டு போ. முன்னால் ஒரு இழுப்பு போட்டு மறுபடி விழவிடு. கொக்கி வேண்டாம், நுனியில் கம்பளித் துண்டு கட்டிக்கொள். தார் ரோட்டில் செய்யாதே, லைன் தேய்ந்துவிடும். ஹேக்லி பார்க் உன் வீட்டுப் பக்கம்தானே. தினமும் கால் மணி நேரம் போதும். லைனை மிதமான சோப்புத் தண்ணீரில் துடை. ரீலிலிருந்து எடுத்ததும் இழுத்துச் சுருளை எடு. பாதிப் பேருக்கு இதிலேயே சில அடி கூடும்.

காற்று விஷயம் முக்கியம். கேன்டர்பரியில் மலையிறங்கி வரும் அந்த வடமேற்குக் காற்று பொல்லாதது என்று நீதான் சொன்னாய். வலது பக்கத்திலிருந்து அடித்தால் கொக்கி உன் முகத்துக்குத்தான் வரும். ராடை இடது தோளுக்கு மேலே சாய்த்து வீசு. அல்லது கரையைப் பார்த்துத் திரும்பி நின்று, பின்வீச்சில் ஃப்ளையை இறக்கு. கண்ணாடி, தொப்பி இல்லாமல் வீசாதே. வீடியோவில் கண்ணாடி இல்லை. எதிர்க்காற்றில் பின்வீச்சை உயரமாக, முன்வீச்சைத் தாழ்வாகப் போடு. இதற்கெல்லாம் மேலே, தனியாகத் தண்ணீரில் இறங்காதே. இடுப்புப் பெல்ட்டை இறுக்கிக் கட்டு. தனியாக இறங்காதே கண்ணு. அந்த ஏரி எவ்வளவு குளிரும் என்று எனக்குத் தெரியாதா, நம் எமரால்டு ஏரியில் நின்ற கால் இது. இறங்கினால் கரையில் ஒரு ஆள் இருக்க வேண்டும். யார் இருந்தார்கள்?

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை போலும். அவரை நான் கேட்டதாகச் சொல். சொல்ல முடிந்தால் சொல்.

ஜோன் உல்ஃப் கதையை உனக்கு முன்பே சொன்னேனோ? 1951இல் ஆண்களே ஆடும் தூரப் போட்டியில் அவள் 131 அடி வீசி எல்லோரையும் ஜெயித்தாள். அப்போது அவள் ஜோன் சால்வட்டோ. உல்ஃப் என்ற பெயர் பின்னால் வந்தது. பெயர் எதுவாக இருந்தாலும் வீச்சு அவளுடையதுதான். பலம் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு அவளைத்தான் காட்டுவேன்.

உன் ஊர் ட்ரவுட்டுக்கும் நம் ஊர் ட்ரவுட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இரண்டுமே சொந்த மண்ணில் பிறந்த மீன் இல்லை. ரெயின்போ ட்ரவுட்டின் பூர்வீகம் பசிபிக் ஓரம். உங்கள் பக்கத்துக்கு 1880களில் கலிபோர்னியாவிலிருந்து முட்டை போனது. இங்கே நீலகிரியில் ஃபிரான்சிஸ் டே 1860களிலேயே முயன்று பார்த்தார், நிலைக்கவில்லை. அப்புறம் வில்சன் துரை அவலாஞ்சியில் பண்ணை வைத்துத்தான் பிடித்துக்கொண்டது. முதல் தடவை நிலைக்காமல் போனதை யாரும் குற்றமாகச் சொல்லவில்லை என்று தாத்தா சொல்வார். தண்ணீர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மீன் என்ன செய்யும்?

சும்மாதான் எழுதினேன். நீ அதில் ஒன்றும் தேடாதே.

அம்மா ஒரு விஷயம் கேட்கச் சொன்னாள். நான் கேட்க மாட்டேன் என்றேன். நாலு வரி எழுத நேரமில்லாத பிள்ளைக்கு ஏரிக்கரையில் அரை நாள் நிற்க நேரம் இருக்கிறதே என்று அவளுக்குக் கோபம். எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் வீடு அடங்கலாக இருக்கும்போது ஏரிக்குப் போகிறவர்கள் வேறு, அடங்காதபோது போகிறவர்கள் வேறு என்று எனக்குத் தெரியும்.

மாடி அறையில் ஹீட்டரை மாற்றிவிட்டேன். ஜன்னல் கதவு இப்போது சரியாக மூடுகிறது. தாத்தாவின் மூங்கில் ராடை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். இங்கே ஓடையில் வீச அனுமதி வாங்குவது பெரும்பாடு, ஆனால் கீழே ஸ்கூல் கிரவுண்ட் சாயங்காலத்தில் காலிதான். எப்போது வந்தாலும் சரி, எவ்வளவு நாள் இருந்தாலும் சரி. வருவதானால் பூட்ஸையும் தண்ணீரில் இறங்கப் போடும் வேடர் கால்சட்டையையும் நன்றாகக் கழுவிக் காயவைத்துக் கொண்டு வா, அங்கத்திய பாசி எதுவும் நம் ஓடைக்கு வர வேண்டாம்.

பணம் ஏதாவது வேண்டுமா? தயங்காதே.

சனிக்கிழமை இங்கே காலை ஏழு மணி, உனக்கு மதியம் இரண்டரை இருக்கும். அன்றைக்கு வாக்கிங் போகவில்லை. ராடோடு பார்க்கில் நின்று கூப்பிடு, இடது கையைப் பார்க்கிறேன். ராடு இல்லாவிட்டாலும் கூப்பிடு. அம்மா அந்த நேரம் கோயிலுக்குப் போயிருப்பாள், எட்டரைக்கு முன்னால் வர மாட்டாள்.

அப்பா