ஓவனைத் தேய்த்தே கெடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் ஓவனைச் சுத்தம் செய்வது பற்றி வந்த சமையலறைக் குறிப்பைப் படித்தேன். ஆப்ப சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து உள்ளே முழுக்கத் தெளித்து, கம்பி நாரால் அழுத்தித் தேய்த்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று போட்டிருந்தீர்கள். நான் காவேரிப்பட்டணத்தில் மிக்ஸி, கிரைண்டர், ஓவன் பழுது பார்க்கிறவன். நாலு பேர் அப்படிச் செய்தால் எனக்குத்தான் வேலை வரும், இருந்தாலும் எழுதுகிறேன். அழுக்கால் கெட்டு வரும் ஓவனைவிட, சுத்தம் செய்யப் போய்க் கெட்டு வரும் ஓவன்தான் என் மேசையில் அதிகம்.

குறிப்பில் மைக்ரோவேவா, ஓடிஜியா (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்தது) என்றே சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு இயந்திரம், கெடுகிற விதமும் வேறு.

ஓடிஜியில் மேலும் கீழும் சிவக்கிற ராடு வெறும் கம்பி இல்லை. வெளியே உலோகக் குழாய், நடுவில் சூடேறுகிற நிக்ரோம் கம்பிச் சுருள், இரண்டும் ஒட்டாமல் இருக்க இடையில் மெக்னீசியம் ஆக்சைடு பொடி. அந்தப் பொடி ஈரத்தை இழுக்கும். உள்ளே சகட்டுமேனிக்குத் தெளித்தால் ராடின் முனை வழியாக ஈரம் இறங்கி, அடுத்து சுவிட்ச் போட்டதும் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) விழும். ஆர்சிசிபியும் இல்லாமல் எர்த்தும் சரியில்லாத வீடு என்றால் கைப்பிடியைத் தொட்டவருக்கு ஷாக். இப்படி வருவதைப் பார்த்ததும் "ராடு போச்சு, மாத்தணும்" என்று சொல்கிறவர்கள் என் தொழிலிலேயே இருக்கிறார்கள். பல நேரம் ராடைக் கழற்றி மெதுவான சூட்டில் காயவைத்தாலே சரியாகிவிடும். ராடில் ஏதாவது ஒட்டியிருந்தால் ஆறின பிறகு காய்ந்த துணியால் துடையுங்கள், போதும். மிச்சம் இருப்பது அடுத்த சூட்டில் தானாகக் கரிந்து உதிரும்.

உட்சுவருக்கு வருகிறேன். நம் வீடுகளில் இருக்கும் ஓடிஜிகளில் பலவற்றின் உட்புறம் அலுமினியமோ துத்தநாகமோ பூசிய இரும்புத் தகடு. கம்பி நார் முதலில் எடுப்பது அந்தப் பூச்சைத்தான், கறை அப்புறம்தான். பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கும். இன்னும் சிலர் சாக்கடை அடைப்புக்கு வாங்குகிற காஸ்டிக் சோடாவைக் கரைத்து உள்ளே தடவுகிறார்கள். அது அலுமினியத்தோடு சேர்ந்தால் தகட்டை அரிக்கும், தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். பிளீச்சிங் பவுடரையும் வினிகரையும் சேர்ப்பது அதைவிட மோசம், குளோரின் வரும், மூடிய சமையலறையில் மூச்சுத் திணறிவிடும்.

ஆப்ப சோடாவும் வினிகரும் ஆபத்தில்லை, ஆனால் ஒன்றாகக் கலந்தால் பிரயோஜனமும் இல்லை. ஒன்று காரம், ஒன்று அமிலம். சேர்ந்ததும் நுரைத்து கார்பன் டை ஆக்சைடாக ஓடிவிட்டு, மிஞ்சுவது லேசான உப்புத் தண்ணீர். நுரை கண்ணுக்குத்தான் விருந்து. ஆப்ப சோடாவைத் தனியாக, கொஞ்சம் தண்ணீர் விட்டு விழுதாகக் குழைத்து, ராடு படாமல் சுவரிலும் கண்ணாடிக் கதவிலும் தடவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் ஈரப் பனியன் துணியால் வழித்து எடுங்கள். கடைசியில் வெள்ளையாகத் திட்டு நின்றால் அப்போது வினிகரைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். துடைத்த பிறகு கதவைத் திறந்து வைத்து நன்றாகக் காயவிட்டுத்தான் பிளக்கைச் சொருக வேண்டும்.

அப்படியும் போகாத பழுப்புக் கறை இருக்கும். எண்ணெய் திரும்பத் திரும்பச் சூட்டில் இறுகிப் பிசின் மாதிரி ஆனது அது, தோசைக்கல்லைப் பழக்கும்போது கருப்பாக ஏறுகிறதே அதே சமாச்சாரம். கல்லில் வேண்டும் என்கிறோம், ஓவனில் வேண்டாம் என்கிறோம். சமையலுக்கு அதனால் ஒன்றும் கெடாது, விட்டுவிடுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் ஓவன் என்று காட்டுகிறார்களே, அது ஏறக்குறைய 480 டிகிரி வரை ஏறிக் கறையைச் சாம்பலாக்குகிற வகை. நம் ஓடிஜி பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடும், காலியாக ஓடவிட்டுக் கறையை எரிக்கலாம் என்று பார்த்தால் கரண்டு பில்தான் ஏறும்.

உடனே துடைக்க வேண்டியது சர்க்கரை. மே, ஜூனில் எங்கள் பக்கம் மாங்கூழ் ஊற்றி கேக் போடாத வீடு குறைவு. தட்டின் ஓரத்தில் வழிந்த கூழ் கீழ் ராடில் சொட்டி, முதலில் தேன் நிறத்தில் நுரைத்து, அப்புறம் கண்ணாடிச் சில்லு மாதிரி பளபளப்பாகக் கருத்து ஒட்டிக்கொள்ளும். வெதுவெதுப்பு அடங்கியதும் மரக்கரண்டியின் ஓரத்தால் தட்டினால் சில்லாகவே பெயரும், ஒரு வாரம் விட்டால் பெயராது. கேழ்வரகு பிஸ்கட் சுடுகிறவர்கள் அடியில் இருக்கும் தட்டை ஒவ்வொரு முறையும் இழுத்து உதறுங்கள், அந்த மாவு நைசாக எல்லா இடுக்கிலும் போய் உட்காரும், கரப்பானுக்கும் எறும்புக்கும் அதுதான் அழைப்பு. தட்டைக் கழுவச் சோம்பல்பட்டு அலுமினியத் தாள் விரிக்கவும் வேண்டாம், கீழே சூடு தேங்கும்.

தண்ணீரையும் சொல்லியாக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீர் பல ஊர்களில் எவ்வளவு கடினம் என்று சோப்புப் போட்டுக் குளிக்கிற எல்லோருக்கும் தெரியும். புளோரைடுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-ல் திறந்தார்கள். போர் தண்ணீரில் நனைத்த துணியால் கதவுக் கண்ணாடியைத் துடைத்தால் காய்ந்ததும் சுண்ணாம்புப் படலம் நிற்கும், அதைக் கறை என்று நினைத்து மறுபடி தேய்ப்பார்கள். குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

மைக்ரோவேவில் வேலை இன்னும் சுலபம். ஒரு கிண்ணம் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டு போட்டு மூன்று நான்கு நிமிடம் ஓட்டி, கதவைத் திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டால் ஆவியிலேயே எல்லாம் ஊறிவிடும், துடைத்தால் வந்துவிடும். பக்கச் சுவரில் சீட்டுக்கட்டு அளவில் பழுப்பாக ஒரு தகடு இருக்கும். அட்டை என்று நினைத்துப் பிய்த்துப் போட்டவர்கள் உண்டு. அது மைக்கா, சூடாக்குகிற அலையை உண்டாக்கும் மேக்னட்ரானிலிருந்து அந்த அலை உள்ளே வருகிற வாசலை மூடி வைத்திருக்கிறது. அதில் குழம்பு தெறித்துக் கரிந்து கருப்புப் புள்ளி விழுந்தால் பொறி பறக்கும். உடனே நிறுத்தி வேறு மைக்கா வாங்குங்கள், கத்தரியால் வெட்டிப் பொருத்துகிற சாமான், விலையும் கம்மி. பொறி பறக்கப் பறக்க ஓட்டினால் மேக்னட்ரானுக்கே சேதம், அந்தச் செலவு வேறு.

தயவுசெய்து திருத்தம் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்: மைக்ரோவேவின் வெளிக்கூட்டை வீட்டில் யாரும் கழற்றித் தூசி ஊதக் கூடாது. உள்ளே கரண்டைச் சேர்த்து வைக்கிற கப்பாசிட்டரில் பிளக்கை உருவிய பிறகும் சுமார் 2000 வோல்ட் வரை தங்கியிருக்கலாம், ஆளைக் கொல்ல அது போதும். நாங்களே அதில் தங்கிய கரண்டை வெளியேற்றி டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் கை வைப்போம்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.